கோல் சரியென்றால் ஓடு

அப்பா எடுத்த வீடியோக்களில் பந்தைப் பார்ப்பது அரிது.

மற்ற அப்பாக்கள் தங்கள் பிள்ளை பந்தை உதைப்பதைப் படம் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் பந்தை உதைக்கவில்லை. அக்கா நடுவர். நான் கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவர். அதனால் அப்பா தொண்ணூறு நிமிடமும் கறுப்புச் சட்டையில் ஓடும் அக்காவையே எடுத்தார். பந்து எப்போதாவது வழிதவறி உள்ளே வரும், உடனே வெளியே போய்விடும். பின்னணியில் அப்பாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்: "ஓடும்மா. ஓடு. குனிஞ்சு நிக்காத, களைச்சுட்டேன்னு தெரிஞ்சுடும்."

ஏழு வருடம் ஆகிறது. அப்போது நாங்கள் ஒரு சலவைக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் சூடான துணியின் மணம் வரும். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. நான் வேதியியல் பட்டம் முடித்துவிட்டுக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா ரொட்டி ஏற்றும் வேன் ஓட்டினார். அம்மா ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள்.

துணை நடுவராக என்னைப் பதிவு செய்தது அக்காதான். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு முதல்நாள் எனக்குக் காய்ச்சல் வரும். அக்கா சொன்னாள்: "நீ பேசவே வேண்டாம்டி. கொடியைத் தூக்கினா போதும். உனக்குன்னே கண்டுபிடிச்ச வேலை."

அதை நம்பித்தான் போனேன்.

ஞாயிறு காலை ஏழரை மணி பஸ். அக்கா, நான், மருந்துக்கடை அண்ணன் மூவரும் ஒன்றாகப் போவோம். அவர் எதிர்க் கோட்டின் துணை நடுவர். பெரிய மருந்துக்கடை ஒன்றில் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். எந்த மருத்துவரின் கையெழுத்தையும் படித்துவிடுவார், எங்கள் லீக் அனுப்பும் அச்சடித்த கடிதம் மட்டும் புரியவில்லை என்பார். எனக்கு 'சைலன்ஸர்' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"என்ன சைலன்ஸர், இன்னிக்கு எத்தனை வார்த்தை?"

நான் விரலைக் காட்டுவேன். மூன்று, அல்லது நான்கு.

"கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வை. வெயில் காலத்துக்கு ஆகும்."

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று சொல்வது எல்லா ஞாயிறும் ஒன்றுதான். "ஊர்ல திட்டு வாங்கிக்கிட்டு வர்றதுக்குன்னே ரெண்டும் தலைக்குக் குளிச்சு இஸ்திரி போட்டுக்கிட்டுக் கிளம்புதுங்க."

திட்டு வாங்கத்தான் செய்தோம். தொழிற்சாலைகளும் பணிமனைகளும் நடத்தும் அணிகள் அவை. பார்க்க வருவது அவர்களோடு வேலை செய்பவர்கள். "மேடம், கண்ணாடி போடுங்க!" என்று யாராவது கத்தாத ஞாயிறே இல்லை. ஆட்டம் நடக்கும்போது அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முடிந்ததும் கத்தியவரைத் தேடிப் போய் நிற்பாள். "சனிக்கிழமை எங்க கடையில கண் டெஸ்ட் பண்றாங்க. வாங்க, நானே பார்த்துப் பொருத்தித் தர்றேன்." அப்படி இரண்டு பேர் நிஜமாகவே வந்து கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் கத்தினார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் ஆட்டிக்கொண்டு கத்தினார்கள்.

அந்த வருடம் அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. மேல் பிரிவு லீக்கின் நடுவர் பட்டியலில் புதிதாகச் சேர முப்பதுக்குள் இருக்க வேண்டும். பட்டியலில் ஏற மூன்று ஆட்டங்களில் மதிப்பெண் வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்துக்கு. மொத்தம் இருபத்துநான்கு வந்தால் உள்ளே. வராவிட்டால் அவள் வயதுக்கு மறுமுறை கிடையாது. எங்கள் வீட்டில் வேறு எந்தப் பேச்சும் இல்லாமல் போனது அந்தப் பருவம் முழுக்க.

முந்தைய வருடம் அவள் முயன்று பார்த்து இருபத்திரண்டில் நின்றுவிட்டாள். அறிக்கையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. 'தெளிவான குற்றங்கள் கவனிக்கப்படவில்லை.' எந்தக் குற்றம், எங்கே, ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை.

"காய்ச்சல்னு மட்டும் எழுதிட்டு மருந்து எழுதாமப் போற ஆளு" என்றார் மருந்துக்கடை அண்ணன். அதிலிருந்து மதிப்பெண் போடுபவருக்கு 'தெர்மாமீட்டர்' என்று பெயர் வந்தது.

அப்போதுதான் அப்பாவின் வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுவதும் அளப்பதும் எழுதுவதும்தான் என் வேலை. வீட்டிலும் அதையே செய்தேன். ஒன்பது ஆட்டங்கள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாங்கள் விட்டவற்றைக் கட்டம் போட்ட தாளில் எழுதினேன். இருபத்துமூன்று வந்தது. அருகில் காரணத்துக்கு மூன்று கட்டங்கள். தூரம், மறைப்பு, அவசரம். ஒன்பதுதான் அவற்றில் அடங்கியது. மீதிப் பதினான்கை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தப் பதினான்கும் ஒரே மாதிரி இருந்தன. பந்து படத்தில் இல்லை. கூட்டம் 'ஓ' என்று கத்துகிறது. அக்கா சட்டென்று தலையைத் திருப்பிப் படத்தின் ஓரத்தைப் பார்க்கிறாள். அங்கே நான் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு இடங்களில் அப்பாவின் கை நடுங்கியதில் நானும் படத்துக்குள் வந்திருந்தேன். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டுகொண்டிருந்தார்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடி போடச் சொன்னாள்.

"என்னடி இது, பஸ் ஸ்டாப்புல தெரிஞ்சவங்களைப் பார்த்த மாதிரி பார்த்துக்கிறோம்?"

"எனக்குத் தெரிஞ்சுது. நீயும் பார்த்திருப்பேன்னு நினைச்சேன்."

"நான், இவ கொடி தூக்கலையே, அப்போ ஒண்ணுமில்லைன்னு நினைச்சேன்."

"பதினாலு தடவை" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்த வீட்ல அடுப்பை அணைக்கிறதும் அப்படித்தான். அவ அணைச்சிருப்பான்னு இவ, இவ அணைச்சிருப்பான்னு அவ. பால் பொங்கி வழிஞ்சாத்தான் எனக்குத் தெரியும்."

அக்கா என் தாளை எடுத்து, நான்காவதாக ஒரு கட்டம் போட்டு அதில் 'மரியாதை' என்று எழுதினாள்.

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. இப்போது நினைத்தால் அந்த நான்கு மாதங்கள்தான் நானும் அக்காவும் மிக அதிகமாகப் பேசிக்கொண்ட காலம். புதன், வெள்ளி மாலைகளில் மேசை எங்களுடையது. அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் ஒரு அணி, அம்மாவின் ஊக்குகள் எதிரணி. கடலை ஒன்று பந்து. மருந்துக்கடை அண்ணன் வந்தால் பந்தைத் தின்றுவிடுவார்.

முதலில் மைதானத்தைப் பங்கு பிரித்தோம். கொடியிலிருந்து இருபது அடி வரை என் வீடு. அங்கே நடப்பது என் பொறுப்பு, அக்கா எட்டிப் பார்க்க மாட்டாள். நடுப்பகுதி அவளுடையது. சந்தேகமான இடத்தில் யாருக்குக் குற்றம் செய்தவரின் முகம் தெரிகிறதோ அவர் முடிவு செய்ய வேண்டும்.

ஆஃப்சைடில், அதாவது தடுப்பாட்டக்காரரைத் தாண்டி முன்னால் நிற்பவரைப் பிடிப்பதில், என் தப்பு வேறு வகை. தேவையில்லாமல் கொடியைத் தூக்கியவை ஏழு, ஏழும் எதிர்ப்பக்கத்தில் ஓடியவர்களுக்கு. கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நான் நிற்க வேண்டும். கோல் பக்கம் ஒரு எட்டு முந்திவிட்டால், தூரத்தில் ஓடுபவர் முன்னால் இருப்பதுபோல் தெரியும். பியூரெட் என்னும் அளவுக் குழாயில் திரவ மட்டத்தைச் சாய்ந்து பார்த்து அளவெடுத்தால் வரும் அதே பிழை. கூடத்தில் தினமும் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறவள் மைதானத்தில் சாய்ந்து பார்த்திருக்கிறேன். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடியதுதான் காரணம். பக்கவாட்டாக, மார்பு மைதானத்தைப் பார்க்க ஓடப் பழகினேன். மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே பழகினேன். சலவைக்கடைக்காரர் ஒருநாள் அம்மாவிடம், "சின்னப் பொண்ணு நண்டு மாதிரி ஓடுதே, காலுக்கு ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

பேச்சுதான் கஷ்டமாக இருந்தது. எங்களுக்குக் காதில் மாட்டும் கருவி எல்லாம் கிடையாது. அக்கா ஓடி வந்து கேட்டால் நான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் எனக்குக் கதை போல வரும். "அவரு இந்தப் பக்கமா வந்தாரா, அப்போ இன்னொருத்தர்..."

"நிறுத்து" என்பாள் அக்கா. "என்ன, யாரு, உறுதியா. மூணு வார்த்தை. உனக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதானே கோட்டா."

அவள் வாசலறையில் நிற்க, நான் சமையலறையிலிருந்து கத்த வேண்டும். நடுவில் அம்மா காய் நறுக்குவாள்.

"தள்ளினாரு! ஆறாம் நம்பர்! பார்த்தேன்!"

"கேக்கல!"

"தள்ளினாரு! ஆறாம் நம்பர்! பார்த்தேன்!"

கீழ் வீட்டுப் பெண்மணி படியேறி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா, யார் யாரைத் தள்ளினார்கள் என்று கேட்டாள். அம்மா கத்தியோடு வாசலுக்குப் போனதில் அவள் இன்னும் பயந்துவிட்டாள்.

கடைசியாக ஒன்று. இது விதிப்புத்தகத்திலேயே உள்ள வழக்கம், நாங்கள் அதுவரை மனதில் வாங்காதது. கோல் விழுந்ததும் துணை நடுவர் கோட்டோரமாக நடுக்கோட்டை நோக்கி ஓடுவார். கோல் செல்லும் என்று அர்த்தம். ஏதோ தப்பு நடந்திருந்தால் ஓட மாட்டார், நின்ற இடத்தில் நிற்பார். அப்போது நடுவர் வந்து கேட்பார்.

"கோல் சரின்னா ஓடு. சரியில்லைன்னா அசையாத" என்றாள் அக்கா. "நான் கையைக் காட்டுறதுக்கு முன்னாடி உன்னைப் பார்ப்பேன். கண்டிப்பாப் பார்ப்பேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. சும்மா நிற்பதே ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளப்படும் இடம் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் மதிப்பீட்டு ஆட்டத்தில் எட்டு வந்தது. இரண்டாவதில் எட்டு புள்ளி ஒன்று. அறிக்கையில் அந்தப் பழைய வரி இல்லை. 'நடுவர் குழுவின் புரிதல் நன்று' என்று இருந்தது. அதை அப்பா வேனின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். மூன்றாவதில் ஏழு புள்ளி ஒன்பது வாங்கினால் போதும்.

"சும்மா போய் நின்னாலே வரும்" என்றார் மருந்துக்கடை அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் பார்த்துக்கோங்க. போன வாரம் ஒருத்தரு கோல் கொடுத்துட்டுத் திருப்பி வாங்கினாரு. முடிவு சரிதான். ஆனா தெர்மாமீட்டர் அரை மார்க் கழிச்சுட்டாரு. அவசரத்துல கையைக் காட்டினா அரை மார்க். அதான் அவரோட கணக்கு."

"நான் இவளைப் பார்க்காம கையைக் காட்ட மாட்டேன்" என்றாள் அக்கா.

மூன்றாவது ஆட்டம் டயர் தொழிற்சாலை மைதானத்தில் நடந்தது. வெயில் இல்லாத காலை. தொழிற்சாலை அணிக்கும் பஸ் பணிமனை அணிக்கும். என் கோட்டுக்குப் பின்னால் தொழிற்சாலைக்காரர்கள் நூறு பேராவது நின்றார்கள். எதிர்ப்பக்கம் நாற்காலியில் தெர்மாமீட்டர். மடியில் அட்டை, பேனா. என் பக்க மூலைக் கொடிக்குப் பின்னால் அப்பா, செல்போனை உயர்த்திப் பிடித்தபடி.

அக்கா அன்று ஓடியதைப் போல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் இருந்தாள். முதல் பாதியில் என் இருபது அடிக்குள் நடந்த ஒரு தள்ளலுக்குக் கொடியைத் தூக்கி ஆட்டினேன். அவள் திரும்பிப் பார்க்காமலே விசில் ஊதினாள். கொடியின் சத்தம் கேட்டது என்று இடைவேளையில் சொன்னாள். கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. கூட்டம்கூட அதிகம் திட்டவில்லை.

எண்பத்துமூன்றாவது நிமிடம். என் எதிர் மூலையிலிருந்து தொழிற்சாலை அணிக்குக் கார்னர் உதை. நான் இந்தப் பக்க மூலைக் கொடி அருகே, கோல் கோட்டுக்கு நேராக நின்றேன். பந்து உயரமாக எல்லோரையும் தாண்டி வந்தது. தொழிற்சாலையின் பதினொன்றாம் நம்பர் கோல் கம்பத்தருகே எம்பினார். தலையில் படவில்லை. இடது முன்கையில் பட்டு உள்ளே போனது. அவர் வேண்டுமென்று செய்ததாகத் தோன்றவில்லை. ஆனால் கையில் பட்டு நேராக உள்ளே போன கோல் செல்லாது. அதில் இரண்டு பேச்சு இல்லை.

பணிமனைக்காரர்கள்கூடக் கையை உயர்த்தவில்லை. அவர்கள் எல்லோரும் எம்பியவரின் முதுகுப் பக்கம் இருந்தார்கள். கோல்கீப்பர் முகத்தை மண்ணில் வைத்துப் படுத்திருந்தார். என் பின்னால் நூறு பேர் குதித்தார்கள்.

விசில் கேட்டது. திரும்பினேன். அக்காவின் கை நடுக்கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்ப்பதற்கு முன்பே காட்டிவிட்டாள்.

அதன் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மைதானத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் ஓடினால் கோல். ஆட்டம் இன்னும் ஏழு நிமிடம். இதுவரை போனதைப் பார்த்தால் எட்டு நிச்சயம். நின்றால் அரை மார்க் போகும். எட்டிலிருந்து அரை போனால் ஏழரை. எட்டேகால் என்று வைத்தாலும் போதாது. தலைக்குள் கழித்தல் கணக்கு தன்பாட்டுக்கு ஓடியது. கால் ஓடவில்லை.

நான் அசையவில்லை.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு என்னை நோக்கி ஓடி வந்தாள். தொழிற்சாலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவள் பின்னால் வந்தார்கள். அவள் கையை விரித்து அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. என் பின்னால் ஒருவர், "ஏய் கொடி, தூங்கிட்டியா? ஓடு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றாள் அக்கா.

"கை. பதினொன்னு. பார்த்தேன்."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்ததை யாரும் பார்க்கவில்லை, அப்பாவின் செல்போனும் உட்பட. அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். திரும்பி, முன்கையைத் தட்டிக் காட்டி, கோல் இல்லை என்று கையை வீசினாள்.

மீதி ஏழு நிமிடமும் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒருவர் மட்டும் நல்ல தமிழில், "அந்தப் பொண்ணு வாயைத் திறந்து பேசுச்சா? நான் பார்க்கலையே" என்றார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. பஸ்ஸில் மருந்துக்கடை அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் என் பக்கம் ஒரு இருமல் மிட்டாயை நீட்டினார். தொண்டைக்கு என்றார்.

வியாழக்கிழமை அறிக்கை வந்தது. அக்கா மேசையில் உட்கார்ந்து படித்தாள். அப்பா, அம்மா, நான் மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.

நடுவர்: 7.6. 'ஆட்டத்தை மாற்றும் முடிவு அவசரமாக அறிவிக்கப்பட்டுப் பின் திருத்தப்பட்டது (0.5 கழிவு).' மொத்தம் இருபத்துமூன்று புள்ளி ஏழு. கீழே இன்னொரு வரி. துணை நடுவர்: 8.8. 'மேல் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்.'

"எட்டு புள்ளி எட்டு" என்றாள் அக்கா. "நல்ல மார்க்."

தாளை மடித்து வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள். அன்று தட்டு கழுவும் முறை என்னுடையது.

அடுத்த இரண்டு நாள் அவள் என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். தண்ணீர் வருகிறதா, சாவி எங்கே, நகர்ந்து நில். அம்மா நடுவில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். அப்பா அவளைத் தடுத்தார். நான் மேல் பிரிவு வேண்டாம் என்று கடிதம் எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். அனுப்பவில்லை.

சனிக்கிழமை மாலை துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள். துணிக்கொடியின் மறுபக்கம் நின்று கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எந்தக் கை?"

"இடது."

"எங்க பட்டுச்சு?"

"இங்க." மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலே தொட்டுக் காட்டினேன்.

"ஒன்பதாம் நம்பர் முதுகு எனக்கு மறைச்சுது. ரெண்டடி இடது பக்கம் நின்னிருக்கணும்."

"ம்."

"நீ ஓடியிருந்தா எட்டு புள்ளி ஒண்ணு."

"தெரியும்."

"இப்போ தெரியும். அப்போ?"

"அப்போவும் தெரியும். கணக்குப் போட்டேன்."

அக்கா கையில் இருந்த துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கணக்கா போட்ட? அடிப்பாவி." பிறகு சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது.

"அப்பா வீடியோவைப் பார்த்தேன்" என்றாள். "கை காமிச்சதுக்கு அப்புறம் நாலு செகண்ட் உன்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். மூஞ்சி மட்டும்தான் தெரியுது. ஓடிடு, ஓடிடுன்னு கெஞ்சுற மூஞ்சி." கிளிப்புகளைக் கூடையில் போட்டாள். "எனக்கு அதுதான்டி தாங்கல. மார்க்கு இல்ல. நல்லவேளை, அவ்வளவு தூரத்துல உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சுது" என்றேன்.

கீழே சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சும் நின்னியா?"

"ம்."

"சரி, அந்தக் கடிதத்தை அனுப்பாத. உன் மேசையில இருந்துச்சு, பார்த்தேன். ரெண்டு எழுத்துப்பிழை வேற."

மேல் பிரிவில் அடுத்த மாதமே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்கா பழைய லீக்கிலேயே இருந்தாள், இப்போதும் இருக்கிறாள். இந்த ஏழு வருடத்தில் நல்ல நடுவர்களோடு ஓடியிருக்கிறேன். எல்லோர் காதிலும் கருவி உண்டு. நான் மெதுவாகச் சொன்னாலும் கேட்கிறது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

நான் மேல் பிரிவுக்குப் போவதற்கு முன் நாங்கள் மூவரும் சேர்ந்து இன்னும் ஒரே ஓர் ஆட்டம் நடத்தினோம். பருவத்தின் கடைசி ஞாயிறு. புள்ளிப் பட்டியலில் கடைசி இரண்டு இடங்களில் இருந்த அணிகள், அச்சகமும் பால் பண்ணையும். மதிப்பெண் போட யாரும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். மருந்துக்கடை அண்ணன், திட்டுவதற்குக்கூட ஆள் கூலிக்குப் பிடிக்க வேண்டும்போல என்றார். ஆனாலும் அக்கா ஆட்டத்துக்கு முன் எங்களை நிறுத்திவைத்து இருபது அடி, மூன்று வார்த்தை எல்லாவற்றையும் முதல் தடவை சொல்வதுபோல் சொன்னாள்.

ஒன்றுமே நடக்காத ஆட்டம் அது. யாரும் விழவில்லை. யாரும் காயப்படவில்லை. பந்துகூட அதிகம் வெளியே போகவில்லை. ஒருமுறை என் எதிரில் கோட்டைத் தாண்டியது. நான் கொடியால் பால் பண்ணைப் பக்கம் காட்டிய அதே நொடியில் அக்காவும் கையை அந்தப் பக்கமே நீட்டினாள். நடுவர் சிரிக்கக் கூடாது. அவள் விசிலைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

தொண்ணூறு நிமிடம் ஆனதும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கோல் இல்லை. கூட்டிக் கொடுக்க வேண்டிய நேரமும் எதுவும் இல்லை. அக்கா விசில் ஊதவில்லை. தொண்ணூற்றொன்று ஆனது. தொண்ணூற்றிரண்டு ஆனது. அச்சகத்தின் கேப்டன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மேடம், வீட்டுக்குப் போகணும் மேடம்" என்றார்.

"ஆடுங்க" என்றாள் அக்கா. "நேரம் இருக்கு."